பளபளப்புக்குப் பரிசு கொடுக்கலாமா?

இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில், கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நீங்கள் ஒரு புல்வெளி ஓரமாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பழைய கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று 1950-களில் செய்யப்பட்ட மாரிஸ் மைனர். பானெட்டில் முகம் பார்க்கலாம். பம்பரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. உரிமையாளர் பெரும் பணக்காரர் அல்லர். அலுவலகத்தில் வேலை பார்ப்பவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். வீட்டை ஒட்டிய சிறு ஷெட்டில், விடுமுறை நாட்களில், ஆண்டுக்கணக்காக உழைத்து இந்தக் காரை மீட்டிருக்கிறார். நடுவர்கள் வருகிறார்கள், பெயின்டைத் தடவிப் பார்க்கிறார்கள், இருக்கையின் தையலைப் பார்க்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள். மாலையில் ஒரு கோப்பை.

அந்தக் கோப்பை எதற்காக என்பதுதான் என் கேள்வி.

நூலுக்கும் நாடகத்துக்கும் விமரிசனம் எழுதுகிறோம். வீட்டு ஷெட்டில் ஒரு மனிதர் செய்து முடித்த எந்திர வேலைக்கு மட்டும் கைதட்டலோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் ஒரு படைப்பே என்றால் அதையும் சீர்தூக்கிப் பார்ப்பதுதான் மரியாதை. பழைய கார்களை மீட்பவர்களும், அவற்றைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆயினும் பிரிட்டனின் மாரிஸ் மைனர் அன்பர்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். எளிய வண்டி, எளிய மனிதர்கள், வேலையின் நன்மை தீமை தெளிவாகத் தெரியும்.

மைனர் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1959-ல் வந்த மினி காரும் இவருடைய படைப்பே. 1970-களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 லட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. நம் நாட்டில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் சில காலம் ஓடியதும் இந்த வண்டிதான். இலங்கை வாசகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அங்கு இன்றும் சாலையில் காணலாம்.

இதன் பானெட்டின் நடுவே நீளவாக்கில் மேடாக ஒரு பட்டை இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைப்பீர்கள். அன்று. உற்பத்திக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், அகலம் போதவில்லை என்று இஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். 4 அங்குலம் கூடியிருந்தது. அந்த 4 அங்குலம்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. பம்பர்கள் முன்பே தயாராகிவிட்டபடியால் தொடக்க கால வண்டிகளில் அவற்றை நடுவில் வெட்டி ஒரு துண்டைச் சேர்த்தார்கள். ஒரு பொறியியலாளர் தம் பிழையைத் திருத்திக்கொண்டதற்கு இப்படிப் பகிரங்கமான சாட்சி வேறு எந்தக் காரிலாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பட்டையை இழைத்துச் சமமாக்கி, 'வழவழப்பான பானெட்' செய்கிற ஒருவர், வண்டியை அழகுபடுத்தவில்லை. அதன் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிக்கிறார்.

இது வெளியே தெரிகிற விஷயம். தெரியாத விஷயமே முக்கியம்.

லாரிக்குச் சேசிஸ் என்ற கனமான அடிச்சட்டம் தனியே உண்டு. மேலுள்ள கூடு கெட்டாலும் சட்டம் தாங்கும். மைனரில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, மடித்து, புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்து ஒட்டிய கூடே சட்டமாகவும் வேலை செய்கிறது. கதவுகளுக்குக் கீழே, இரு பக்கமும், முன்னிருந்து பின்னாக ஒரு பெட்டி போன்ற பகுதி ஓடுகிறது. கதவடிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். முன் இருக்கைகளுக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. முன் சக்கரங்களின் வில்லாகப் பணிபுரியும் இரண்டு நீண்ட முறுக்குத் தண்டுகளின் பின்முனைகள் இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது தண்டு முறுகுகிறது. அந்த முறுக்கைச் சட்டம் வாங்கிக் கதவடிப் பெட்டிக்குக் கொடுக்கிறது. ஆக, வண்டியின் பாரம் ஓடும் பாதை முழுவதும் தரைக்கு அருகே, சேறும் நீரும் தெறிக்கிற இடத்தில், கண்ணுக்கு மறைவாக இருக்கிறது.

மெல்லிய தகடு எப்படித் தாங்குகிறது? ஓர் அஞ்சலட்டையை எடுத்து இரு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல வையுங்கள். ஒன்றிரண்டு நாணயங்கள் வைத்தாலே தொய்ந்துவிடும். அதே அட்டையை நீளவாக்கில் பெட்டிக் குழாயாக மடித்து ஒட்டி வையுங்கள். நாணயங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். பொருள் கூடவில்லை, உயரம் கூடியது. இப்போது குழாயின் அடிப்பக்கத்தை மட்டும் விரலால் நீர் தொட்டு நனைத்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். மைனருக்கு என்ன நேர்கிறது என்பது புரியும்.

அங்கே நீரின் வேலையைச் செய்வது துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். உப்புச் சேறு தகடுகளின் ஒட்டில் புகுந்து பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. இரு தகடுகள் நெருங்கியிருக்கும் இடுக்கின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, வாயருகே அதிகம். ஒரே இரும்பில் இந்த வேறுபாடு இருந்தால் போதும், அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். ஆக்சிஜன் குறைந்த ஆழமான பகுதி நேர்மின்வாயாகி அங்கே இரும்பு கரையத் தொடங்கும். அதாவது, எங்கே உங்கள் கண்ணும் தூரிகையும் எட்டாதோ அங்கேதான் அரிப்பு கடுமை. துருவோ தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஒட்டிய தகடுகளை நெம்பிப் பிரித்து இன்னும் நீருக்கு வழி செய்யும். வெளிப் பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால் நோய் ஆரம்பிக்கிறது என்று பொருளன்று. உள்ளே கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கொப்புளத்தைக் கண்ட ஷெட் மனிதர் என்ன செய்கிறார்? இங்கேதான் வேலைக்காரர்கள் இரண்டு இனமாகப் பிரிகிறார்கள்.

முதல் இனத்தவர் கொப்புளத்தைச் சுரண்டி, ஓட்டையைப் பட்டி போட்டு மூடி, தேய்த்து, பெயின்ட் அடிக்கிறார்கள். பட்டி என்பது நம் ஊர் டிங்கரிங் கடைகளிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பாலியெஸ்டர் பசை. தகட்டில் சிறு குழிவைச் சமன்செய்ய அது நல்ல பொருள். எனக்கு அதன்மேல் பகையில்லை. ஆனால் அது பாரம் தாங்காது. கதவடிப் பெட்டியின் ஓட்டையை அதனால் அடைப்பது, முறிந்த எலும்பின்மேல் பவுடர் பூசுவது போன்றது. மேலே நல்ல பெயின்ட் அடித்துவிட்டால் நடுவர் கண்ணுக்குச் சுத்தமான வண்டி.

இரண்டாம் இனத்தவர் தகட்டைப் பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுகிறார்கள். வெட்டுமுன் கதவு வாசலுக்குள் இரும்புக் கம்பிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஏனெனில் கதவடிப் பெட்டியை அறுத்தவுடன் கூடு தொய்யும். முட்டில்லாமல் அறுத்து, தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால், அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு சரியாக மூடாது. கதவைக் குறைசொல்லி அதன் விளிம்பை இழைப்பார்கள்! சிறிய மிக் வெல்டிங் கருவிகள் வீட்டு ஷெட்டுக்குள் வந்தபின் இந்த வேலை சாதாரண மனிதருக்கும் கைகூடியது. ஆனால் கருவி வந்த அளவுக்கு முட்டுக் கொடுக்கும் பொறுமை வந்ததா என்பது வேறு கேள்வி. இறுதியில் பெட்டிக்குள் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சி, மறுபடி நீர் ஒட்டாமல் செய்கிறார்கள். இவ்வளவும் முடிந்தபின் வெளியே என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. முதல் இனத்தவர் வண்டியைப் போலவே தெரியும். சில நடுவர்கள் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பதுண்டு. அவர்கள் பார்ப்பதும் அங்கு அழுக்கு இருக்கிறதா, பெயின்ட் சீராக இருக்கிறதா என்றுதான்.

ஆகவே பளபளப்புக்குக் கொடுக்கும் பரிசு முதல் இனத்தவரை வளர்க்கிறது. இதுவே என் முதல் குற்றச்சாட்டு.

இனி மாற்றியமைப்பவர்களிடம் வருவோம். அசல் வண்டிப் பற்றாளர்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. 'ஆலையில் இருந்து வந்தபடி இருக்க வேண்டும்; ஒரு திருகுகூட மாறக்கூடாது' என்பது அவர்கள் வேதம். நான் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் முழுவதாகச் சேரத் தயாரில்லை.

சாதாரண மைனரின் கூரையை அறுத்தெடுத்துத் திறந்த வண்டியாக்கும் மோகம் ஒன்று உண்டு. காலணிப் பெட்டி ஒன்றை மூடியோடு இரு முனையிலும் பிடித்து முறுக்குங்கள், எதிர்த்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், துணிபோல வளையும். கூரை என்பது மழைக்கு மட்டும் வைத்த குடை அன்று. ஆலை தானே திறந்த மைனர்களைச் செய்தபோது கதவுத் தூண்களிலும் அடியிலும் கூடுதல் வலுவைச் சேர்த்தே செய்தது. அதை அறியாமல் வெறும் ரம்பத்தோடு இறங்குபவர் படைப்பாளி அல்லர். பத்தாயிரம் மைல் ஓடியபின் கதவு ஓட்டத்திலேயே திறந்துகொள்ளும்போது அது அவருக்கே தெரிந்துவிடும்.

ஆனால் இன்னொருவரைப் பாருங்கள். இவர் தம் மைனருக்குச் சற்றுப் பெரிய எந்திரம் பொருத்துகிறார். 1956-ல் இருந்த 948 கன சென்டிமீட்டர் எந்திரத்தின் இடத்தில் அதே குடும்பத்தின் 1275 உட்காருகிறது. வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் எவ்வளவு கூடும்? 800 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 20 மீட்டரில், ஓடினால் அதன் இயக்க ஆற்றல் 1,60,000 ஜூல். வேகத்தை 108 ஆக்குங்கள்: 3,60,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்கு. ஆற்றல் இரண்டேகால் மடங்கு. இத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். மைனரின் பழைய டிரம் பிரேக்கில் டிரம் சூடேறினால் விரிந்து உள்ளிருக்கும் லைனிங்கை விட்டு விலகும்; மிதி கீழே கீழே போகும். டிஸ்க் பிரேக்கில் தட்டு சூடேறி விரிந்தால் பிடிக்கும் கட்டைகளை நோக்கியே விரியும். எனவே இவர் எந்திரத்தைத் தொடும் முன்பே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுகிறார். எங்கிருந்து? 1971-ல் வந்த மாரிஸ் மரீனாவிலிருந்து. மரீனாவின் முன் தொங்கலமைப்பு மைனரிலிருந்தே வந்ததாகையால் அதன் பிரேக் இதற்குப் பொருந்துகிறது. தம்பியின் சட்டை அண்ணனுக்குப் பொருந்தியதுபோல!

அசல் பற்றாளர் இவருக்கு மதிப்பெண் குறைப்பார். என் கணக்கில், மைனரை உண்மையாகப் படித்தவர் இவர்தான்.

கொஞ்சம் அட்லாண்டிக்கைத் தாண்டிச் செல்வோம், ஏனெனில் மாற்றியமைக்கும் கலையின் தாயகம் அமெரிக்கா. 1950-களில் கலிபோர்னியாவின் ஷெட்டுகளில் 1949 முதல் 1951 வரையிலான மெர்க்குரி கார்களின் கூரைத் தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்துவது பெரும் நாகரிகம். அறுத்து ஒட்டிய இடங்களைச் சமன்செய்ய அவர்கள் கையாண்டது பட்டி அன்று, ஈயம். ஈயமும் வெள்ளீயமும் 70-க்கு 30 என்று கலந்தால் அந்தக் கலவை ஒரே வெப்பநிலையில் உருகிவிடாது. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, 250-ஐக் கடந்த பிறகே முழுதும் நீராகும். இடைப்பட்ட நிலையில் வெண்ணெய்போல இருக்கும். கொழுப்புத் தடவிய மரக் கரண்டியால் அதைத் தகட்டின்மேல் இழுத்து வடிவம் கொடுப்பார்கள். செங்குத்தான தகட்டில் அது வழியாமல் நிற்கும்படி தீச்சுடரை விலக்கியும் நெருக்கியும் வேலை செய்வது உயர்ந்த கைத்திறன், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈயத்தை மின் சாணையில் தேய்த்துப் பறக்கவிட்ட தூள் எங்கே போயிற்று? வீட்டு ஷெட் என்றால் அடுத்த அறை சமையலறை. மேலாடையில் ஒட்டிய தூள் குழந்தையின் தொட்டில்வரை போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுப்பது இன்று எவரும் மறுக்காத உண்மை. பழைய பிரேக் லைனிங்கின் ஆஸ்பெஸ்டாஸும் இப்படியே. பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடைசெய்துவிட்டது. ஆனால் 1960-ல் மூடிய ஒரு டிரம்முக்குள் அந்தத் தூள் இன்னும் காத்திருக்கிறது. அதைக் காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்கிறவரை வீட்டாரே ஷெட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். ஈரத் துணியால் துடைத்து எடுத்துப் பையில் கட்டுவதே முறை.

மறுபடி பிரிட்டனுக்கு வருவோம். 'அசல்' என்ற சொல்லையே சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மைனர் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. எந்திரத்தின் வெளியேற்று வால்வு உட்காரும் இருக்கை தேயாமல் அது காத்தது. 1999-ன் முடிவோடு பிரிட்டனில் அந்தப் பெட்ரோல் பொதுவிற்பனையிலிருந்து போய்விட்டது. கடினமான எஃகு இருக்கைகளைப் பதிக்காமல் வேகமாக ஓட்டினால் வால்வு தன் இருக்கைக்குள்ளேயே அமிழ்ந்துபோகும். 2021-ல் 10 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். நீரை இழுத்துச் சேர்க்கும். நம் நாட்டில் இப்போது 20 சதவிகிதம் கலக்கப்படுகிறது என்பதை இங்குள்ள பழைய வண்டி அன்பர்கள் கவனிக்க. ஆக, வண்டியில் ஒன்றையும் மாற்றாமல் வைத்திருப்பவர் அதை ஓட்ட முடியாமல் வைத்திருக்கிறார். ஓட்டுகிறவர் எவரும் எதையாவது மாற்றியவரே.

அரசாங்கமும் இந்தச் சிக்கலில் மாட்டியது. எவ்வளவு மாற்றினால் அது பழைய கார் அல்லாமல் போகும்? பிரிட்டனில் நெடுங்காலம் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தார்கள். கூட்டுக்கு 5; தொங்கலமைப்பு, அச்சுகள், கியர் அமைப்பு, திருப்பு அமைப்பு ஆகியவற்றுக்கு இவ்விரண்டு; எந்திரத்துக்கு வெறும் 1. மொத்தம் 14-ல் 8 தேறினால் பழைய பதிவெண் தங்கும். 2025-ல் விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். எனினும் அந்தப் பழைய கணக்கு என்னைச் சிந்திக்க வைத்தது. எல்லாரும் 'காரின் இதயம்' என்று கொண்டாடும் எந்திரத்துக்கு ஒன்று. எவரும் பார்க்காத கூட்டுக்கு ஐந்து! எழுதியவர் யாரோ, காரை அடியிலிருந்து பார்த்தவர்.

அந்தக் கூட்டின் தகடுகளும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். 1990-களில் பாத் நகரிலுள்ள மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையில் ஒரு தொழிற்கூடம் மைனரின் உதிரித் தகடுகளைச் செய்து அனுப்பியது. ஆங்கிலேயர் தம் வீட்டு ஷெட்டில் 'அசல் ஆங்கில வண்டி' என்று பெருமையோடு பொருத்திய தகடு இலங்கைத் தொழிலாளியின் கைவேலையாக இருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோப்பையில் அவர் பெயரையும் பொறிக்கலாம் என்கிறேன்.

இன்னொரு செய்தி இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் சற்றுக் கடுமையாக எழுதியதற்கு அதுவே காரணம். 2018 மே மாதம் முதல் பிரிட்டனில், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எல்லா மைனர்களும் அந்த வயதைத் தாண்டியவை. வண்டியைச் சாலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்று சட்டம் சொல்கிறது. முன்பு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு சோதனையாளர் அடியில் நுழைந்து தட்டிப் பார்த்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கிரீஸ் காணாமல் அந்த மூட்டின் மரை தேய்ந்துபோனால் சக்கரம் ஒருநாள் பக்கவாட்டில் மடிந்துவிடும் என்பது மைனர்காரர்கள் எல்லாரும் அறிந்த ஆபத்து. இப்போது அந்தச் சோதனையாளரும் கட்டாயமில்லை. கதவடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அதை மூடியவருக்கு மட்டுமே தெரியும். பின் இருக்கையில் அவருடைய பேரக்குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்னையிலோ கோவையிலோ பழைய கார்களின் அணிவகுப்புக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பெயின்டில் கீறல் விழாதபடி காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே மெல்ல நகர்த்துங்கள். எஃகுத் தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் கைவிடும். அனுமதி தராவிட்டால் வருந்த வேண்டாம். 'வெட்டும்போது எடுத்த படங்கள் இருக்கின்றனவா?' என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவரிடம் நிச்சயம் இருக்கும். ஆனால் நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள்; ஒவ்வொரு படத்தையும் விளக்கி முடிக்கும்வரை அவர் உங்களைச் சாப்பிடப் போகவிடமாட்டார்.